மீன் ஒன்று, நீரில் உள்ளது

நெரிஞ்சியாறு அணையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்குத் தூண்டிலில் மாட்டிய கொடுவா மீன் அதற்கப்புறம் ஆறு வருடம் கரையேறவும் இல்லை, நரம்பை அறுத்துக்கொண்டு போகவும் இல்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எவ்வளவு பெரிசு, என்ன நிறம், ஒரு மீனுக்கு அப்படியும் தெம்பு இருக்குமா என்று. அந்த ஆறு வருடமும் தூண்டில் கம்பை யார் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பிடித்துக்கொண்டு நின்றது கரட்டூர். ஆறு ஆறாக ஓடிய காலத்தில் அதன் இரண்டு கரையிலும் பரிசல் போட்டு வலை வீசிப் பிழைத்தவர்களை, அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது, ஒரு வேப்பங்கன்று கூட வேர்விடாத கரட்டின்மேல் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இது தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் எழும்பி, பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, எல்லோருக்கும் ஓட்டுச் சீட்டும் வந்தது, நிலம் மட்டும் வரவில்லை. கரடு அணைக்குச் சொந்தம். அணைக்கு அதிகாரியான செயற்பொறியாளர், ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிய காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் பட்டா வரும். போடாதவரை என்றைக்கு வேண்டுமானாலும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொல்லலாம். ஒரு கையெழுத்து. பேனா மூடியைத் திறந்து மூடுகிற நேரம்.

அந்த முதல் சனிக்கிழமை, செயற்பொறியாளர் சந்திரமௌலி மூன்று சிநேகிதர்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். ஒருத்தர் டாக்டர், ஒருத்தருக்குப் பஞ்சாலை, மூன்றாமவருக்கு என்ன தொழில் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, குடை எல்லாம் இறங்கியது. அணையில் கொடுவாக் குஞ்சு விட்டு அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது, கடற்கரைப் பக்கத்துப் பண்ணையிலிருந்து லாரியில் வந்த குஞ்சுகள். மீன் கரைக்கு வந்த கையோடு குழம்பு வைக்க வேண்டும் என்று உத்தரவானதால், காளியண்ணனின் பெண்சாதி பழனாத்தாள் கரையில் அம்மி போட்டு, இன்னும் மாட்டாத மீனுக்கு மசால் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“சாருங்க, கொடுவா விடியால கடிக்கும், இல்லீன்னா பொழுது சாயறப்பக் கடிக்கும். இந்த வெயில்ல கடிக்காதுங்க” என்றான் பரிசலைத் தள்ளிக்கொண்டே காளியண்ணன்.

“இது ஜப்பான் கம்பு காளியண்ணா. உன்ற வலையா நேரங்காலம் பாக்கறதுக்கு?” என்றார் சந்திரமௌலி.

நாலு மணிக்கு, தூண்டிலில் இரையாய்க் கட்டியிருந்த ரப்பர் மீனை ஏதோ கவ்வியது. ஒரே ஒரு தரம் அது தண்ணீருக்கு மேலே எழும்பியதைப் பழனாத்தாள் அம்மியிலிருந்தே பார்த்தாள்: புதுசாய்த் துலக்கிய வெண்கலச் சட்டி போல முதுகு, அடுப்பில் கடைசியாய்க் கிடக்கும் கங்கு போல ஒரு கண். பிறகு அது அடியில் இறங்கிவிட்டது. பரிசலை இரண்டு சுற்றுச் சுற்றவிட்டு, கரைக்கு வந்து நின்று இழுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இழுத்து, சாயங்காலமும் இழுத்து, கை கொப்புளித்துப்போன சந்திரமௌலி, மறுநாள் காலையில் மேலதிகாரிகள் கூட்டம் இருக்கிறது என்று நினைப்பு வந்தவராய்க் கம்பைக் காளியண்ணனிடம் நீட்டினார்.

“இந்தா, பிடி. சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன். விட்டுராதே.”

பரிசல்காரர்களுக்கெல்லாம் பெரியவரான ஒண்டியப்பன், காளியண்ணனுக்குப் பெரியப்பா மகன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றார். “சாருங்க, அந்தக் கையெழுத்து…”

“மீன் கரையேறட்டும் ஒண்டியப்பா. ஏறின நிமிசம் போட்டர்றேன். நானென்ன ஓடியா போயிருவேன்?”

ஜீப் ஓடிப்போயிற்று. கம்பு நின்றது.

அறுத்துவிட்டால் என்ன என்று படித்தவர்கள் கேட்பார்கள். அங்கேதான் இருக்கிறது சங்கதி. தண்ணீரில் பிழைப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு: அடுத்தவன் போட்ட வலையை, அடுத்தவன் விட்ட நரம்பை அறுக்கக் கூடாது. தன் வலையில் சிக்கிப் பிணைந்திருந்தாலும், பரிசலே கவிழ்வதாயிருந்தாலும், முடிச்சை அவிழ்க்கலாம், அறுக்கக் கூடாது. போட்டவன் வரமுடியாமல் போனால் அவன் வரும்வரைக்கும் இன்னொருத்தன் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அறுத்தவனுக்கு அப்புறம் தண்ணீரில் முறை கிடையாது. ஆற்றோடு ஆறாய் வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கரட்டின்மேல் கொண்டுவந்து சேர்த்த ஒரே சொத்து இந்த முறைதான். அதைக் கொண்டுபோய், தன் வாழ்நாளில் ஒரு வலையும் பின்னியறியாத ஒரு அதிகாரியின் தூண்டிலுக்குக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, இவர்களாகவே கொடுத்தார்கள். வேறெந்த ஊர்க்காரனாவது இந்தத் தப்பைச் செய்திருப்பானா? கல்லில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்த் தூங்கியிருப்பான். இவர்களும் ஒரு தரம் கட்டிப் பார்த்தார்கள்தான். பரிசல் கட்ட நட்டிருந்த கல் பல் பிடுங்கினாற்போல் வந்துவிட்டது. மனிதக் கைக்கு மட்டும்தான் அந்த மீன் நின்றது.

ஆக, முறை போட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு நாலு மணி நேரம், நாற்பத்திரண்டு வீடும் ஒரு சுற்று வந்தால் சரியாக ஒரு வாரம். கணக்கு இவ்வளவு பொருத்தமாக வந்ததைப் பார்த்து, சாமியே இப்படித்தான் நினைத்திருக்கிறது என்று ஊர் சந்தோஷப்பட்டது. கை மாறும்போது வாங்குகிறவன் “பிடிச்சாச்சு” என்று சொல்ல வேண்டும், அதைக் காதால் கேட்ட பிறகுதான் கொடுக்கிறவன் “விட்டாச்சு” என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தையும் மெல்ல மெல்ல ஊருக்குள் ஏறி வந்தது. குழந்தையைக் கை மாற்றினாலும் அதையே சொன்னார்கள், கல்யாணத்தில் பெண்ணைக் கையில் கொடுக்கும்போதும், சுடுகாட்டுப் பாதையில் பாடைக்குத் தோள் மாற்றும்போதும் அதையே சொன்னார்கள். வெயிலுக்குக் கம்பின்மேல் தகரக் கொட்டகை வந்தது, கொட்டகைக்குப் பக்கத்தில் டீக்கடை வந்தது, கம்புக்கு ஆயுதபூசையில் சந்தனம் குங்குமம் வந்தது. சனி ஞாயிறுகளில் சந்திரமௌலி வந்து ஒரு மணி நேரம் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, “இன்னும் கொஞ்சந்தான், களைச்சுட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்ச நூற்று அறுபத்தாறு மணி நேரமும் ஊர் பிடித்தது. இரண்டாவது வருட முடிவில் கரட்டூர்க்காரர்கள் எல்லோருக்கும் வலது கை இடது கையைவிட நாலு விரல்கடை நீண்டுவிட்டிருந்தது. வாரச்சந்தைத் தையல்காரர் ஒரு பேச்சும் பேசாமல் கரட்டூர்ச் சட்டைகளுக்கு மட்டும் வலது கையை நீட்டி வெட்ட ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் கையைத்தான் முதலில் பார்த்தார்கள், நீளமாக இருந்தால் பொறுப்பான பெண் என்றார்கள். பேராசிரியர்கள் நாலு பேர் வந்து கையை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள், கம்பைப் பிடித்திருந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் வருடம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் காளியண்ணனின் முறை. பழனாத்தாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனாள். மேல்மலையில் மழை பெய்து தண்ணீர் செம்மண்ணாக ஏறியிருந்தது, கரைப்பாறை பாசியாய் இருந்தது. அவள் கொட்டகையை எட்டுவதற்குப் பத்தடி இருக்கும்போது மீன் ஒரு இழுப்பு இழுத்தது. காளியண்ணன் கால் வழுக்கி, முழங்கால், இடுப்பு என்று தண்ணீருக்குள் போய்க்கொண்டே, “பழனா!” என்றான், வலது கையில் கம்பு, இடது கை வெறுங்கை, இரண்டையும் அவள் பக்கம் நீட்டினான். தூக்குப்போசியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தவளின் கை எதைப் பிடித்தது? கம்பைப் பிடித்தது. யோசித்துப் பிடிக்கவில்லை, யோசிக்க அங்கே நேரமில்லை; மூன்று வருடம் பழகிய கை, தானாகப் போய்ப் பழகியதைப் பிடித்தது. பழகிய வாய், தானாக, “பிடிச்சாச்சு” என்றது. மார்மட்டும் தண்ணீரில் இருந்த காளியண்ணன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. முறை தவறாதவன் அவன். “விட்டாச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

உடல் கிடைக்கவில்லை. ஊர் என்ன செய்தது என்று கேட்க வேண்டுமா? பழனாத்தாளைக் கொண்டாடியது. புருசனே போனாலும் கம்பை விடாதவள் என்று சந்திரமௌலி அடுத்த சனிக்கிழமையே வந்து பொன்னாடை போர்த்தி, ‘கடமை தவறாத மங்கை’ என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். காளியண்ணன் செத்துப்போகவில்லை, அடியில் நின்று மீனைக் கரைப்பக்கம் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று பேச்சு வந்தது, பிறகு அதுவே உண்மையாயிற்று; கை கொஞ்சம் லேசானால், “காளி தள்றான் பாரு” என்பார்கள். அப்போது பதினாறு வயதான மகள் மைதிலி மட்டும் அந்தச் சட்டம் போட்ட காகிதத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். பழனாத்தாள் அதை நேராக்கவில்லை. அன்றைக்கு அவள் எதைப் பிடித்தாள் என்பது வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

சந்திரமௌலி பதவி உயர்வு பெற்று மாற்றலானார். புதிதாய் வந்த நம்பி சுத்த சைவம், மீன் வாசமே ஆகாது, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் கரைக்கு வருவார். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்தார், ஏனென்றால் அலுவலகப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்: ஜீப் ஒன்று, மேசை நான்கு, நாற்காலி பதினொன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, ஓடவில்லை, மீன் ஒன்று, நீரில் உள்ளது. அதற்குக் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. பட்டா என்று ஒண்டியப்பன் வாயெடுத்ததும், “முந்தின அதிகாரி என்ன சொல்லியிருக்காரோ அதுதான். மீன் வெளியில வரணும். நானாக மாத்த முடியாதுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மைதிலி டவுன் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தாள். கல்லூரிக்குப் போனதிலிருந்து அவளுக்கு வாய் நீண்டுவிட்டது என்று ஊர் சொன்னது. கைதான் நீளலாம், வாய் நீளக்கூடாது என்பது அவர்கள் நியாயம். ஆறாம் வருடம் மாசியில், பழனாத்தாளின் வலது தோள்மூட்டு நழுவிக் கை தொங்கிப்போனது. முறைக்கு ஆள் இல்லாத வீடு முறைப்பட்டியலில் இருக்க முடியாது. பட்டா வரும்போது அந்த வீட்டுக்குக் கிடையாது என்று முதலிலேயே பேசி வைத்தது. ஒண்டியப்பன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“பழனா, இந்த வருசம் மாத்திப்போட்ட கணக்குல உன்ற வீட்டு முறை சனிக்கிழமை பத்து மணிக்கு. யாரு வர்றது?”

“தோளு சரியாகட்டும் மாமா. ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க.”

“மீனு பொறுக்குமா? புள்ள இருக்குதல்ல.”

உள்ளேயிருந்து மைதிலி வந்தாள். “பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன். அடுத்தவன் வலையை அறுக்கக் கூடாதுன்னு எதுக்கு வெச்சாங்க?”

“அவன் பொழப்புல கை வெக்கக் கூடாதுன்னு வெச்சாங்க.”

“அந்த நம்பி சாருக்கு இந்த மீனுதான் பொழப்பா? அவரு மீனைத் தொடக்கூட மாட்டாரு. நாம நமக்குள்ள வெச்சுக்கிட்ட முறை இது. அவரு எந்த ஊட்டு முறைக்கு என்னிக்கு வந்து நின்னாரு?”

“வாதத்துல நீ ஜெயிச்சுருவ கண்ணு. பட்டா வாதத்துல வராது.”

“பிடிச்சும் வரலையே பெரியப்பா.”

வாசலில் கூடிவிட்டவர்களைப் பார்த்து அவள் சொன்னாள், பாடப்புத்தகத்தில் படித்ததையும், மூன்று வருடமாய்ப் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள்: கொடுவா பிறக்கும்போது எல்லாமே ஆண், அஞ்சாறு வருடம் போனால்தான் பெண்ணாகும் என்று.

“ஏம்புள்ள, அப்ப உங்க பெரியப்பனுக்கும் வர்ற தைக்கு ஒரு சேலை எடுத்துறலாமா?” என்று டீக்கடைக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஒண்டியப்பன்கூடச் சிரித்தார்.

மைதிலி சிரிக்கவில்லை. “பொம்பளையான கொடுவா முட்டை போட உப்புத்தண்ணி வேணும். கடல் வேணும். நரம்பு எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாருங்க. ஒரு நாளாவது மேக்கால நின்னிருக்குதா? ஆறு வருசமா அணைச்சுவத்தைப் பாத்துத்தான் நிக்குது. அது நம்மகூடச் சண்டை போடலைங்க. அது வீட்டுக்குப் போகுது. நாம குறுக்க நிக்கறோம், அவ்வளவுதான். எங்கப்பனையும் குறுக்க நிக்க வெச்சுத்தான் கொன்னோம்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. “காளி தள்ளிக்கிட்டிருக்கறான், கொன்னோம்னு சொல்லாதே” என்றார் ஒண்டியப்பன், தணிந்த குரலில். எல்லோரும் கலைந்து போனார்கள். வீட்டுக்குள் பழனாத்தாள் சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் சொன்னது அவளுக்குப் புதிதில்லை. போன வருடத்திலிருந்தே கம்பில் வரும் இழுப்பு மாறியிருந்தது. முன்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும், இப்போது மெதுவாய் ஏறி, உச்சிக்குப் போய், கொஞ்சம் விட்டு, மறுபடி மெதுவாய் ஏறும். மைதிலியைப் பெற்றபோது தன் இடுப்பில் வந்த அதே இழுப்பு. இதை எந்தப் புத்தகத்தில் படிக்க வேண்டும்? அவள் கைக்கு அது தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் பிடிக்க முடியாது.

“நீ போக வேண்டாம் கண்ணு” என்றாள் வெள்ளிக்கிழமை. “வீடு போனாப் போகட்டும்.”

“போனா எங்கம்மா போறது?”

“எங்கியாச்சும்.”

“நாப்பத்தியொரு வீடும் நம்மளாலதான் பட்டா வரலைன்னு சொல்லுவாங்க. நான் நாலு மணி நேரம் பிடிச்சுக்கிட்டே அவரோட பேசறேன். நம்பி சார் படிச்சவரு. எடுத்துச் சொன்னாப் புரியும்.” எடுத்துச் சொன்னால் எல்லோருக்கும் எல்லாம் புரியும் என்று அந்த வயதில் அவளுக்கு ஒரு நம்பிக்கை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மைதிலி “பிடிச்சாச்சு” என்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. நம்பி வந்து கைக்குட்டையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பிடித்தபடியே பேசினாள், கொடுவாவின் வயது, உப்புத் தண்ணீர், சுவர், பட்டா, எல்லாவற்றையும் ஒன்றுக்கடுத்து ஒன்றாக, அழகாக. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

“நீங்க சொல்றது அத்தனையும் நியாயம்மா” என்றார் கடைசியில். “எழுதிக் குடுங்க. மேலே அனுப்பறேன்.”

“மேலேயிருந்து எப்ப வரும் சார்?”

“அதுவரைக்கும் விட்டுராதீங்க.”

அப்போதுதான் மீன் இழுத்தது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு இழுப்பு இழுத்ததில்லை. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது, மைதிலியின் கால் அதே பாறையில், அதே இடத்தில் வழுக்கியது. முழங்கால், இடுப்பு. டீக்கடைக்காரரும் ஒண்டியப்பனும் இன்னும் பத்துப் பேரும் எழுந்து ஓடி வந்தார்கள், வந்து எல்லோரும் வலது கையை நீட்டினார்கள், நாலு விரல்கடை நீண்ட அந்தக் கைகள் அத்தனையும் கம்பை நோக்கித்தான் நீண்டன. கொட்டகையோரம் உட்கார்ந்திருந்த பழனாத்தாளின் வலது கை தொங்கிக் கிடந்தது. தொங்கிய கையும் தோளோடு துடித்துக் கம்பின் பக்கம் எழும்பப் பார்த்தது. அவள் அந்தக் கையைத் தன் உடம்புக்கு அடியில் போட்டுப் பாறையில் குப்புற விழுந்து, கம்பையே பிடித்துப் பழகாத இடது கையால் மகளின் இடது கையை எட்டிப் பிடித்தாள்.

“விடு கண்ணு! கம்பை விடு!”

கல்லூரிக்குப் போனதிலிருந்து அறு, விடு என்று வாதாடியவள், மார்மட்டும் தண்ணீரில் நின்றுகொண்டு, விடவில்லை. விரல்கள் அவள் சொல்பேச்சைக் கேட்கவில்லை. “முடியலம்மா” என்றாள், குரலே வேறாக இருந்தது. “கை திறக்க மாட்டேங்குது. வீடும்மா… எல்லார்த்து வீடும்…”

“பிடிச்சுக்க புள்ள, இதா வந்துட்டோம்” என்றார் ஒண்டியப்பன், கம்பைக் குறிவைத்துக்கொண்டே.

பழனாத்தாள் மகள் முகத்தைப் பார்த்தாள். காளியண்ணன் பார்த்த அதே பார்வை அதில் வருவதைப் பார்த்தாள். பிறகு ஊரெல்லாம் கேட்க, கம்பைத் தொடாமல், அந்த வெறுங்கையை மட்டும் இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

“பிடிச்சாச்சு!”

அந்த வார்த்தைக்கு மைதிலியின் கை கட்டுப்பட்டது. ஊரிலுள்ள எந்தக் கையும் கட்டுப்படும். விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன. “விட்டாச்சு” என்றாள்.

கம்பு தண்ணீர்மேல் ஊசிபோல் நேராய்க் கிழக்கே போயிற்று. ஒரு பக்கமும் திரும்பவில்லை. அணைச்சுவரில் ஷட்டருக்குக் கீழே போய் இடிக்கும் சத்தம் கரைவரைக்கும் கேட்டது, ஒரு தரம் இல்லை, பல தரம், கதவு தட்டுகிறாற்போல. பிற்பகல் வரை தட்டியது. பிறகு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரோரத் தண்ணீர் முழுக்க ஒரு சாண் கனத்துக்கு மஞ்சளாய் முட்டை மிதந்தது. அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே இறக்கிவிட்டிருந்தது. நல்ல தண்ணீரில் அதில் ஒன்றுகூட உயிர் பிடிக்காது என்று மைதிலி சொன்னதை இந்த முறை யாரும் மறுக்கவில்லை. பெண்கள் குண்டாவில் அள்ளிக்கொண்டு வந்து வெங்காயம் போட்டு வதக்கினார்கள். நாற்பத்தியொரு வீட்டிலும் அதைத்தான் தின்றார்கள். உப்பே போடாமல் உப்பாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

நாற்பத்திரண்டாவது வீட்டை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அடுத்தவன் நரம்பை விட்டவளுக்குத் தண்ணீரில் முறை இல்லை, கரட்டில் இடம் இல்லை. அதைச் சொல்லும்போது ஒண்டியப்பன் அழுதார். சொல்லாமல் இருக்கவில்லை.

பொழுது இறங்கும் நேரம், அணைமேட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் பழனாத்தாளுக்குக் கீழே கொட்டகை நன்றாகத் தெரிந்தது. கொட்டகையில் அந்த நேரத்து முறைக்காரன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததைக் காலை அகட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, முகம் சிவக்கப் பிடித்துக்கொண்டிருந்தான். வேறென்ன செய்வது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. நம்பி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். ஊரே அவரைப் பார்த்தது. அவர் வெறுங்காற்றைப் பார்த்தார், எல்லோர் முகத்தையும் பார்த்தார், பட்டியலில் தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். முறைக்காரன் மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல், காற்றை அவர் கையில் கொடுத்தான். அவர் பின்னால் சாய்ந்து பல்லைக் கடித்தார். போட்டோ எடுத்தார்கள். கைதட்டினார்கள்.

“இன்னும் கொஞ்சந்தான்” என்று அவர் சொன்னது ரோடுவரை கேட்டது. பிறகு ஒண்டியப்பன் போய்க் கை நீட்டினார்.

“பிடிச்சாச்சு.”

“விட்டாச்சு.”

பழனாத்தாளின் தொங்கிய வலது கை தானாக மூடிக்கொண்டது. மைதிலி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் கையைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் கட்டைவிரல் மறுபடி மடங்கியிருந்தது. அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்தது.